நாலு மணிக்கு எழுப்பாதீர்கள்

தேர்வு நெருங்கினால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். "எவ்வளவு படிச்சாலும் மண்டையில நிக்க மாட்டேங்குது சார்", "எதைச் சொன்னாலும் மறந்துடுறாக்கா." பள்ளி வாசலில், டியூஷன் வாசலில், கல்யாணப் பந்தியில்கூடக் கேட்கிறேன். அதுவும் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே சொல்கிறீர்கள். பெற்றவர்களே ஊரெல்லாம் மறதிக்காரன் என்று சொன்னபிறகு அந்தப் பிள்ளை எதற்காக மெனக்கெட வேண்டும்? முதலில் அதை நிறுத்துங்கள்.

மறப்பது நோயல்ல. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர், பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு வேகத்தில் மறக்கின்றன என்று தம்மையே சோதித்துப் பார்த்து 1885-இல் நூலாக எழுதினார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. பொருள் புரிந்து படித்தால் இத்தனை வேகமாக மறக்காது என்பது உண்மைதான். ஆனால் திரும்பப் பார்க்காத பாடம் எதுவானாலும் தேயத்தான் செய்யும். திங்கட்கிழமை படித்ததை வெள்ளிக்கிழமை ஒப்பிக்கவில்லை என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையின் முதுகில் போடுவது என்ன நியாயம்?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது தூக்க விஷயத்தில்தான். இரவு பதினொன்றரை வரை உட்கார வைக்கிறீர்கள். விடியற்காலை நாலு மணிக்கு அலாரம். கண் திறக்காத பிள்ளையின் முகத்தில் தண்ணீர் தெளித்து, கையில் பால் டம்ளரைத் திணித்து, மேசையில் உட்கார வைக்கிறீர்கள். ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பாதி வரியில் எழுத்து சாய்ந்து, பேனா இழுத்த கோடு பக்கத்தின் ஓரம் வரைக்கும் ஓடியிருக்கும். பிள்ளை அந்த இடத்தில் தூங்கியிருக்கிறது. பகலில் படித்தவற்றை மூளை மறுபடி ஓட்டிப் பார்த்து, நிலையான நினைவாக மாற்றிக்கொள்வதில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. அந்த நேரத்தைப் பிடுங்கிவிட்டு நினைவில் நிற்கவில்லை என்று திட்டுகிறோம். ஆறிலிருந்து பன்னிரண்டு வயதுக்கு 9 முதல் 12 மணி நேரம், பதின்மூன்றிலிருந்து பதினெட்டுக்கு 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் சொன்னது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்பதற்காக உடம்பு இந்தக் கணக்கை மாற்றிக்கொள்ளாது.

அடுத்தது படிக்கும் விதம். ஒரே பக்கத்தைப் பத்துத் தடவை சத்தமாக வாசித்தால் "நல்லாப் படிக்கிறான்" என்று நினைத்துக்கொள்கிறோம். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்தோ, வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நம் ஊருக்கு இது புதிதும் அல்ல. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர் மாலையில் பிள்ளைகளுக்குப் பூ, மிருகம் என்று பெயர்களைச் சொல்லி அனுப்பி, மறுநாள் காலையில் கேட்பார் என்று உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். ஒரு ராத்திரி இடைவெளி, பிறகு கேள்வி. இதைச் செய்ய டியூஷனுக்குக் காசு கட்ட வேண்டியதில்லை. சாப்பாட்டு வேளையில் புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லி, "இன்னிக்கு அறிவியல்ல என்ன நடந்துச்சு, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். திக்கினால் உடனே எடுத்துக் கொடுக்காதீர்கள். யோசிக்கட்டும். அந்தத் தேடலில்தான் நினைவு பலப்படுகிறது. மூன்றாம் நாள் அதையே மறுபடி கேளுங்கள், அடுத்த வாரம் இன்னொரு தடவை. நமக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. காது கொடுத்தால் போதும்.

வீட்டு வேலை மறப்பது வேறு சங்கதி. பிள்ளை செல்போனில் மூழ்கியிருக்கும்போது அடுப்படியிலிருந்து, "பால் பாக்கெட் வாங்கு, மாவு எடுத்து வை, தாத்தாவுக்கு மாத்திரை குடு" என்று ஒரே மூச்சில் கத்துகிறோம். காதில் ஏறாததை எப்படி நினைவில் வைப்பது? பக்கத்தில் போய், முகம் பார்த்து, ஒன்றைச் சொல்லுங்கள். என்ன சொன்னேன் என்று திருப்பிக் கேளுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இன்னும் நீங்களே பை அடுக்கி, மறந்துவிட்டுப் போன ஜாமெட்ரி பாக்ஸை வண்டியில் துரத்திக்கொண்டுபோய்க் கொடுப்பதையும் விடுங்கள். அவனே முந்தைய இரவு கால அட்டவணையைப் பார்த்து அடுக்கட்டும்.

ஞாபகசக்தி டானிக்கைப் பற்றிக் கேட்பீர்கள். வல்லாரை நல்ல கீரை. துவையல் அரைத்துக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தூக்கமில்லாத பிள்ளைக்கு அது மாற்றாகாது. நன்றாகத் தூங்கியும் பிள்ளை சோர்ந்து, எதிலும் கவனம் இல்லாமல் இருந்தால், குறிப்பாகப் பெண்பிள்ளை என்றால், டாக்டரிடம் காட்டி ரத்தசோகையோ தைராய்டு கோளாறோ இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, வயிற்றைப் புரட்டுகிறது என்று தூக்கிப்போடச் சொல்லாதீர்கள்; சாப்பிட்டபிறகு போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.