லயத்திற்கும் ஒரு வரலாறு உண்டு



பழைய தெருக்களின் வரலாறு என்றதும் பட்டினத்து மாடிவீடுகளே நமது நினைவுக்கு வருகின்றன. பொகவந்தலாவைத் தோட்டங்களில் அத்தெருக்களின் இடத்தில் இருப்பவை லயங்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், முன்னே ஓர் இஸ்தோப்பு, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பீலி. இதற்கும் வரலாறு உண்டு.

1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய பின்னர் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பழம் பறிக்கும் சில மாதங்கள் உழைத்துவிட்டு ஊர் திரும்பினர். படுத்தெழும்ப ஓரிடம் போதும் என்ற எண்ணத்திலேயே லயங்கள் கட்டப்பட்டன. 1869இல் தலைகாட்டிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து எடுக்க வேண்டும். அதனால் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் நிலையாகத் தங்கின. ஆனால் காம்பரா சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடியாகவே இருந்தது. அதற்குள்ளேயே சமையலும் பிள்ளைப்பேறும் மூப்பும் நடந்தன.

1879இல் மறைந்த புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஜூலியா மார்கரட் கமரூனின் கல்லறை பொகவந்தலாவை புனித மேரி தேவாலயத்தில் உள்ளது. வெளிநாட்டவர் அதனைத் தேடி வருகின்றனர். அதே காலத்தில் இம்மலைகளில் உழைத்த நமது பாட்டிமாரின் பெயர்களோ தோட்டத்துச் செக்ரோலுடன் நின்றுவிட்டன.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் லயத்து மக்களை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அக்காள் ஒரு நாட்டிலும் தங்கை மறு நாட்டிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. 1977, 1983 வன்செயல்களின் பின்னர் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு சென்று குடியேறினர். அங்கே போர் அவர்களை மீண்டும் இடம்பெயரச் செய்தது. இதை வாசிக்கும் சகோதரிகளில் சிலருக்கு இது தாயின் கதையாக இருக்கலாம். எஞ்சியோரின் பிரஜாவுரிமைச் சிக்கலைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது.

பிரஜாவுரிமை கிடைத்தும் காணியுரிமை பின்தங்கியே உள்ளது. பல தலைமுறைகள் வாழ்ந்த காம்பராவாயினும் அது நமது என்று காட்ட உறுதி இல்லை. பல தோட்டங்களில் வீட்டிலக்கம் இல்லாமையால் கடிதங்களும் தோட்ட விலாசத்திற்கே வருகின்றன. உறுதி தொலைந்த வீட்டிற்குத் திரும்பிய போர்ப் பிரதேசத்துச் சகோதரிகளுக்கு இதன் வலி புரியும். உறுதியைத் தொலைத்தவர் பிரதியைத் தேடலாம். லயத்துப் பெண்ணுக்குத் தேடுவதற்கே ஒன்றும் இல்லை.

இப்போது தனிவீடுகள் கட்டப்படுகின்றன. இந்திய உதவியில் ஏற்கனவே திட்டமிட்ட 4,000 வீடுகளுடன் மேலும் 10,000 வீடுகள் தரப்படும் என 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி அறிவித்தார். வீடு கிடைக்கும்போது நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: உறுதி யாருடைய பெயரில்? கொழுந்தெடுத்து வீட்டைக் காத்தவள் பெண். கணவரின் பெயருடன் அவளது பெயரும் எழுதப்பட்டால், கணவரை இழந்தாலும் பிரிந்தாலும் அவளும் பிள்ளைகளும் வாசலில் நிற்க வேண்டியதில்லை.

லயங்கள் இடிக்கப்படுமுன் இன்னொரு வேலையும் உண்டு. எந்தக் காம்பராவில் யார் இருந்தார், யார் எங்கே போனார் என்று வயதான அம்மாயிமாரிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிறப்புச் சான்றிதழ்களையும் அதனுடன் பத்திரப்படுத்துங்கள். நாளை காணி கேட்கப் போகும் பிள்ளைக்கு அவை உதவும்.