தமிழுக்குத் தனி அறை

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் தாலுகாவிலும் இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளுக்குக் கேரள அரசு தமிழிலேயே கம்ப்யூட்டர் பாடநூல் தருகிறது. 2016-இல் வந்து பல ஆண்டுகள் நடப்பில் இருந்த பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு பாடம் முழுக்க ஆவணத்தை வடிவமைப்பது பற்றியது. லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் 'ஸ்டைல்' உருவாக்குவது, அதைக் கொண்டு பொருளடக்கத்தைத் தானாக வரவழைப்பது என்று போகும். பதினைந்து வயதில் இதைக் கற்றுத் தருவது நல்ல காரியம். டி.டி.பி. சென்டர்களில் பல வருடம் உழைத்தவர்களில்கூட இதைத் தொடாதவர்கள் உண்டு.

ஸ்டைல் என்பது பழைய அச்சகத்து ஃபோர்மேனின் உத்தரவு மாதிரி. 'தலைப்புக்கு 24 பாயிண்ட், உடலுக்கு 12' என்று அவர் ஒரு தடவை சொன்னால் போதும், கம்பாசிட்டர் புத்தகம் முழுக்க அப்படியே கோப்பார். கம்ப்யூட்டரில் பெரும்பாலோர் செய்வது வேறு. தலைப்பைத் தேர்ந்தெடுத்து, பெரிதாக்கி, தடிமனாக்கி விட்டு நகர்ந்துவிடுகிறார்கள். முப்பது தலைப்பு இருந்தால் முப்பது தடவை. 'கொஞ்சம் சின்னதாக்குங்கள்' என்று யாராவது சொன்னால் மறுபடி முப்பது.

வேலை மிச்சம் என்பதைவிடப் பெரிய லாபம் பக்கத்தின் மேல்வரியில், அதாவது ஹெடரில் இருக்கிறது. புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் அந்த அத்தியாயத்தின் பெயர் வர வேண்டுமா? 'ஹெடிங் 1' என்ற ஸ்டைலைத் தலைப்புகளுக்குக் கொடுத்துவிட்டு, ஹெடரில் அத்தியாயப் பெயருக்கான 'ஃபீல்டை' ஒரு தடவை செருகினால், அத்தியாயம் மாறும்போது மேல்வரியும் மாறும். கையால் பெரிதாக்கிய தலைப்பு கண்ணுக்குத்தான் தலைப்பு; மென்பொருளுக்கு அது சாதாரண வரி. ஹெடரும் பொருளடக்கமும் காலியாகவே நிற்கும். முதல் பக்கத்தில் மேல்வரி வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு: அந்தப் பக்கத்துக்கு 'ஃபர்ஸ்ட் பேஜ்' என்ற பக்க ஸ்டைலைக் கொடுத்தால் அடுத்த பக்கம் தானாகவே வழக்கமான ஸ்டைலுக்குத் திரும்பிவிடும்.

தமிழ்ப் பிள்ளை தடுமாறும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. எஃப்11 அழுத்தி, ஸ்டைலைத் திறந்து, எழுத்தின் அளவை 20 என்று மாற்றுகிறான். ஓ.கே. கொடுக்கிறான். ஆங்கில எழுத்து வளர்கிறது. தமிழ் இருந்த இடத்தில் இருந்த அளவிலேயே இருக்கிறது. குற்றம் அவனுடையதல்ல. ரைட்டரில் ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் எழுத்துக்கு மூன்று அறைகள் உண்டு. 'வெஸ்டர்ன்' ஆங்கிலம் முதலியவற்றுக்கு. 'ஏஷியன்' சீனம், ஜப்பான், கொரிய மொழிகளுக்கு (தமிழன் ஆசியாவில் இல்லை போலும்). மூன்றாவது 'சி.டி.எல்.', அதாவது காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட். 'கெ' எழுத மெய்யை முதலில் சேமித்து, கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து காட்ட வேண்டியிருக்கிறதே, அதனால் தமிழும் மலையாளமும் இந்த மூன்றாம் அறைவாசிகள். ஆப்ஷன்ஸில் மொழிகளுக்கான பக்கத்தில் இதை இயக்கி வைக்கவில்லை என்றால் அந்த அறையே கண்ணில் படாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1990-களின் ஃபான்ட்களில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருந்தன. மென்பொருளைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். முதல் அறையில் மாற்றினாலே வேலை நடந்தது. ஆனால் அந்தத் தமிழின் மேல் தவறுதலாக 'கார்த்திகா' மாதிரி மலையாள ஃபான்ட்டைப் போட்டால் அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் வரும். யூனிகோட் வந்து அந்த ஆபத்தைப் போக்கியது. பழைய கைகளுக்குப் பழகிய அறையையும் மாற்றிவிட்டது.

எல்லைப் பகுதியில் இது வெறும் மதிப்பெண் விவகாரமல்ல. கேரளத்தின் 1969-ஆம் வருட ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும், சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்கும் தமிழிலேயே எழுதலாம் என்கிறது. பதிலும் தமிழில் தரப்பட வேண்டும். பதில் எழுத வேண்டிய குமாஸ்தாவின் கம்ப்யூட்டரில் மலையாளக் கடிதத்துக்கு மட்டும் தயார் வடிவம் இருந்தால், தமிழ்க் கடிதம் ஒவ்வொரு தடவையும் வெற்றுத் தாளில்தான் தொடங்க வேண்டும். ஒரு மாதிரி ஆவணம் போதும்: மேல்வரியில் அலுவலகத்தின் பெயர் இரு மொழியிலும், கோப்பு எண், பக்க எண், உடலுக்கும் தலைப்புக்கும் தமிழ் அளவு தீர்மானித்த ஸ்டைல்கள். 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்' என்று சேமித்துவிட்டால் செலவு பூஜ்யம்.

ஒரு சிக்கலை மட்டும் முன்கூட்டியே தீர்க்க வேண்டும். இரு மொழியும் ஒரே அறையில் இருப்பதால் ஒரு ஸ்டைலுக்கு ஒரே ஃபான்ட், ஒரே அளவுதான். அருகருகே வைத்தால் ஒன்று பெருத்தும் மற்றது சிறுத்தும் தெரியலாம். மலையாள வார்த்தைகளுக்கென்று 'கேரக்டர் ஸ்டைல்' ஒன்றைத் தனியே உருவாக்கி, ஃபான்ட்டையும் மொழியையும் அதில் குறித்துவிடுவது நல்லது. தமிழுக்கு ஃபான்ட் தேடுபவர்கள் தூரம் போக வேண்டியதில்லை. 'மீரா' மலையாள எழுத்தை வரைந்த ஹுசைன் தமிழுக்கும் 'மீரா இனிமை' என்று ஒன்றை வரைந்திருக்கிறார். ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவின் வெளியீடு, இலவசமாகவே கிடைக்கிறது.