மிச்சக் காசை யார் கொடுக்கிறார்?

அண்மையில் செயலமர்வு ஒன்றுக்காகக் கொழும்பு போனபோது, செயலி மூலம் ஓட்டோ பிடித்தேன். வீதியில் மறித்த ஓட்டோக்காரர் கேட்டதை விடக் கட்டணம் நன்றாகவே குறைவு. ஊர் திரும்பி, பதுளை புகையிரத நிலையத் தரிப்பிடத்தில் இதைச் சொன்னதும் ஒரு சகோதரர் கேட்டார்: "சேர், அந்த மிச்சக் காச யாரு குடுக்கிறது?"

சில வேளை யாரும் இல்லை. வெறும் வண்டி ஓடாததால் வரும் மலிவு அது. சில வேளை முதலீட்டாளர் கொடுக்கிறார். நட்டத்தில் ஓடி, மற்றவர்கள் ஒதுங்கிய பின் விலையைக் கூட்டலாம் என்ற கணக்கு.

இந்தியாவில் மேரு டாக்சி நிறுவனம் ஊபர் மீது இப்படித்தான் முறைப்பாடு செய்தது. ஒரு பயணத்துக்கு 204 ரூபா நட்டம் என்ற தகவலைச் சுட்டிக்காட்டி, 2019 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு வழிவிட்டது. ஊபருக்குச் சந்தையில் மேலாதிக்கம் இல்லை என்று போட்டி ஆணைக்குழு பின்னர் கோப்பை மூடியது. மேரு தோற்றது. ஆனால் போய்க் கேட்க ஓர் இடமாவது இருந்தது.

நமக்கும் இருந்தது. 1987ஆம் ஆண்டின் நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகத்தையும் நிறுவன இணைப்புகளையும் விசாரித்தது. அதை நீக்கி வந்த 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அவ்விரண்டும் விடுபட்டுப் போயின. போட்டியைக் கெடுக்கும் நடத்தையை விசாரிக்கும் அதிகாரம் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு இன்னும் உண்டு. ஆயினும் நாம் காண்பதெல்லாம் கூடிய விலைக்கு விற்ற கடைக்காரரைப் பிடிப்பதைத்தான். பிக்மீயும் ஊபரும் 2015இல் கொழும்பில் இறங்கியபோது சட்டத்தில் அந்த ஓட்டை விழுந்து 12 வருடங்களாகியிருந்தன.

மதீனாச் சந்தையில் உலர் திராட்சையை மலிவாக விற்றவரிடம், விலையைக் கூட்டு அல்லது சந்தையை விட்டுப் போ என உமர் (ரழி) சொன்னதாக முவத்தாவில் உண்டு. பின்னர் அவர் அதை வாபஸ் வாங்கியதாகவும் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அறிஞர்களிடம் கருத்து வேறுபாடும் உண்டு. குறைந்த விலையும் கேள்விக்குரியது என்பது மட்டும் அன்றே தெரிந்திருக்கிறது. புதிய போட்டிச் சட்டம் ஒன்று வந்தால், பெரிய நிறுவனங்களின் அடக்க விலைக்குக் குறைந்த விற்பனை அதில் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

ஸ்பிரிங்வெலி பக்கத்து லயமொன்றில் நள்ளிரவில் பிரசவ வலி எடுத்தால், குண்டும் குழியுமான அந்த ரோட்டில் ஏறி வருபவர் இந்தத் தரிப்பிடத்துக்காரர்தான். பகலில் டவுன் ஹயரில்தான் அவர் லீசிங் கட்டுகிறார். அது கைவிட்டுப் போய் மூன்று தவணை தவறினால், வண்டியே அவரிடம் இராது.