கல்மரமும் மல்லாட்டையும்

போன வாரம் மயிலம் பக்கம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணன் மகளைக் கூட்டிக்கொண்டு திருவக்கரை போய், வக்கிரகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு கல்மரப் பூங்காவுக்குள் நுழைந்தோம். சுமார் 2 கோடி வருடத்து மரங்கள். தொட்டால் கல், பார்த்தால் மரத்தின் ரேகை அப்படியே இருக்கிறது.

"அத்தை, மண்ணைத் தின்னு தின்னு கல்லாயிடுச்சா?"

சிரித்துவிட்டேன். ஆனால், மரம் மண்ணைத் தின்றுதான் வளர்கிறது என்று பெரியவர்களே நினைக்கிறோமே! ஹெல்மான்ட் என்பவர் தொட்டியில் ஒரு மரக்கன்றை 5 வருடம் வளர்த்து எடை போட்டார். மரம் 70 கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. மண்ணில் குறைந்தது 60 கிராம்கூட இல்லை. எல்லாம் தண்ணீர்தான் என்று முடிவு கட்டினார். 1648-ல் அச்சான கணக்கு அது. அவர் விட்டது காற்றை. 10,000 பங்கு காற்றில் 4 பங்குதான் கரியமில வாயு. அதை இலையின் நுண்துளைகள் உள்ளே விடுகின்றன. தண்ணீர் வேரிலிருந்து மெல்லிய குழாய்களில் ஏறி வருகிறது. இரண்டையும் வைத்து வெயிலில் சமைத்ததுதான் மரக்கட்டை. புதைந்த கட்டைக்குள் சிலிக்கா கரைந்த தண்ணீர் ஊறி, அந்தக் குழாய்களின் அமைப்பு கலையாமல் கல்லாக்கிவிட்டது.

வீடு திரும்பினால் அண்ணன் யூரியா வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். மல்லாட்டை காய் பிடிக்கும் நேரம். திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்து ரகம்தான். (பெயருக்கு முன்னால் வருகிற 'டி.எம்.வி.' திண்டிவனமேதான்!) பத்து நாளாக மழை இல்லை, மத்தியானத்தில் இலைகள் கைகூப்பி நின்றன.

"வெயில் நல்லாத்தானே அடிக்குது? சத்துதான் பத்தலை போல."

"தண்ணிதான் பத்தலைண்ணே" என்றேன். ஈரம் குறைந்தால், இருப்பதும் ஆவியாகாமலிருக்க இலை தன் துளைகளை மூடிக்கொள்ளும். காற்றுக்கும் அதே வாசல்தான். தண்ணீர்ப் பஞ்சத்தோடு கரியமில வாயுப் பஞ்சமும் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு வெயிலடித்தும் சமையல் நடக்காது. மண்ணிலிருந்து தழைச்சத்தும் மற்ற உப்புகளும் கொஞ்சம் வேண்டும்தான். அதையும் வேர் ஈரத்தில் கரைந்தால்தானே உறிஞ்ச முடியும்? போதாததற்கு, மல்லாட்டை வேர் முடிச்சிலேயே தழைச்சத்தைத் தயாரிக்கும் பாக்டீரியா குடியிருக்கிறது.

அண்ணன் பணத்தை மறுபடி சட்டைப்பையில் வைத்தார். ராத்திரி கரன்ட் வந்ததும் மோட்டார் போடப் போனோம். டார்ச் அடித்துப் பார்த்தவள் பதறினாள்.

"அத்தை, தண்ணி பாய்ஞ்சும் இலை மூடியே இருக்கே?"

"ராத்திரி ஆயிடுச்சுல்ல? அது தூங்குதுடி. காலையில வந்து பாரு."