டேங்கில் பெட்ரோல் இருக்கு... வண்டி ஏன் நிக்குது?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், மதுரைப் பக்கத்திலிருந்து பைக்கில் கிளம்புகிறவர்கள் அதிகம். திருமங்கலம் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு, ராஜபாளையம் வழியாகத் தென்காசி. பகலில் இந்த இரண்டு ஊரிலும் மெக்கானிக்குக் குறைவில்லை. இரவு கடையடைத்த பிறகு, ராஜபாளையம் தாண்டி வண்டி நின்றால்தான் திண்டாட்டம். பின் சீட்டில் மனைவி, குழந்தை வேறு!

முதலில் வண்டியைச் சாலையை விட்டு நன்றாக ஓரங்கட்டுங்கள். பிறகு, அது எப்படி நின்றது என்று யோசியுங்கள். சட்டென்று அணைந்தால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு. விக்கி விக்கி, இழுவை குறைந்து நின்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை.

டேங்க் மூடியைத் திறங்கள். பக்கத்தில் சிகரெட், தீக்குச்சி கூடாது. ‘உஸ்’ஸென்று காற்றை உள்ளே இழுத்து, உடனே வண்டியும் கிளம்பினால், கோளாறு மூடியில்தான். எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் சரியாக இறங்காது. காற்று போக இன்னொன்றும் போடுவோம் அல்லவா? அதுபோல மூடியிலும் காற்றுக்கு ஒரு சிறு வழி உண்டு. அது தூசியால் அடைபட்டால் பெட்ரோல் இறங்காது. ஊர் போய்ச் சேரும்வரை நடுநடுவே நிறுத்தி, மூடியைத் திறந்து மூடினால் போதும்.

சத்தம் வரவில்லையா? பெட்ரோல் டேப் ‘ஆன்’ பக்கம் இருக்கிறதா, ரிசர்வில் போட்டால் ஓடுகிறதா, டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

2020 ஏப்ரல் முதல் கட்டாயமான பிஎஸ்-6 வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கார்புரேட்டர் கிடையாது. சாவியைத் திருப்பியதும் டேங்குக்குள் பம்ப் ஓரிரு விநாடி ரீங்காரமிடும். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸையும் பேட்டரியையும் பாருங்கள். டியூபைக் கழற்றாதீர்கள், உள்ளே பெட்ரோல் அழுத்தத்தில் இருக்கும், பீய்ச்சியடிக்கும். அந்தப் பம்ப்பைக் குளிர்விப்பதும் பெட்ரோல்தான். அதனால் டேங்க் வறண்டுபோகும்வரை ஓட்டவும் வேண்டாம்.

மறுநாள் மெக்கானிக்கிடம் ‘வண்டி நின்னுபோச்சு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘விக்கி நின்னுச்சு, மூடியைத் திறந்ததும் ஓடுச்சு’ என்று சொல்லிப் பாருங்கள். கார்புரேட்டரை வீணாகக் கழற்றிப் பூட்டும் செலவு மிச்சம்!