காருக்கு ஒரு நியாயம், டிராக்டருக்கு ஒரு நியாயமா?

ஏனுங்க, இன்னைக்குக் கொஞ்சம் கோபமாத்தான் எழுதறேன். யாருக்கு மனசு நோகுதோ, நோகட்டும்.

கிணத்துக்கடவுப் பக்கம் எங்க தோட்டத்தை ஒட்டி ரெண்டு ஏக்கர் வாங்கியிருக்கிற தம்பி ஒருத்தருக்கு சரவணம்பட்டியில கம்ப்யூட்டர் வேலை. சனி ஞாயிறு விவசாயி. நல்ல மனுஷன், அதுல குறையில்லை. அவருகிட்ட பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒண்ணு இருக்குது. கியர் பாக்ஸ் போயிருச்சு. சரி பண்ற செலவுக்கு மேனுவல் பாக்ஸே மாட்டிடலாம்னு இறங்கினார். பாக்ஸ் கிடைச்சுருச்சு, ஆனா அதுல இருந்து சக்கரத்துக்குப் போற டிரைவ் ஷாப்ட் சேரலை. பாக்ஸோட அகலம் மாறினா ரெண்டு பக்க ஷாப்ட் நீளமும் மாறுமாம். சொருகற பல்லோட எண்ணிக்கையும் வேற. குட்டையா இருந்தா குழியில வண்டி இறங்கும்போது உருவிக்கும், நெட்டையா இருந்தா முட்டி முட்டி பேரிங்கைத் தின்னுரும். இதெல்லாம் அவரே எனக்கு எடுத்த பாடம். (இப்ப வர்ற ஏஎம்டி காருல இந்தத் தொல்லை இல்லையாமுங்க. அது மேனுவல் பாக்ஸேதான், கிளட்ச்சை அமுக்கக் காலுக்குப் பதிலா ஒரு மோட்டார்.) சரியான ஜோடி கிடைக்க மூணு வாரம் உக்கடம் பழைய சாமான் கடைகள்ல அலைஞ்சிருக்கார்.

அதே தம்பி போன மாசம் மினி டிராக்டரை ஒரு பக்கமும் ரோட்டவேட்டரை இன்னொரு பக்கமும் பழசா வாங்கி இறக்கினார். நடுவுல மாட்டற பிடிஓ ஷாப்ட் எங்கேன்னு கேட்டேன்.

"ஏதாவது ஒண்ணு போட்டு ஓட்டிக்கலாமுங்ணா. எல்லாம் ஒரே மாதிரிதானுங்களே?"

காருக்கு மூணு வாரம், இதுக்கு மூணு நிமிஷம் கூட இல்லை. கார் ஷாப்ட் வண்டிக்கு அடியில ஒளிஞ்சு சுத்துது. இது வெட்டவெளியில, ஆள் நிக்கற இடத்துல சுத்துது. காரை ஓட்டறது அவரு. டிராக்டரை ஓட்டறது கூலிக்கு வர்ற ஆளு. வித்தியாசம் அங்கதான் இருக்குன்னு சொன்னா கோவிச்சுக்கறாங்க.

ஒரே மாதிரி கிடையாதுங்க. ரோட்டவேட்டரோட வர்ற ஷாப்ட் பெரும்பாலும் பொதுவான ஒரு நீளத்துல வரும். அதை மாட்டப்போற டிராக்டருக்கு அளந்து வெட்டோணும். லிஃப்டைத் தூக்கி இறக்கி, எந்த நிலையில ரெண்டு முனையும் ரொம்பக் கிட்ட வருதுன்னு பாக்கோணும். அப்பவும் உள்குழாய் போய் முட்டாம ஒரு இஞ்சாவது இடம் இருக்கோணும். வேலை செய்யற நிலையில ஒரு குழாய் இன்னொண்ணுக்குள்ள மூணுல ஒரு பங்காவது நுழைஞ்சிருக்கோணும். வெட்டினா உள்குழாய், வெளிக்குழாய் ரெண்டையும் ஒரே அளவு வெட்டோணும், பிளாஸ்டிக் மூடியையும் சேர்த்து. ரெண்டு பக்க யோக்கும் ஒரே நேர்ல நிக்கோணும், இல்லைன்னா உதறி உதறி கிராஸ் போயிரும். லேத் பட்டறைக்கு அரை நாள் வேலை. கோயமுத்தூர்ல லேத்துக்கா பஞ்சம்?

அளக்காம விட்டா என்ன ஆகும்? நெட்டை ஷாப்ட் டிராக்டரோட பிடிஓ பேரிங்கை உடைக்கும், அது பணத்தோட போகும். குட்டை ஷாப்ட் வரப்புல தூக்கும்போது கழண்டுக்கும். ஒரு பாதி அப்பவும் சுத்திட்டே இருக்கும். நிமிஷத்துக்கு 540 சுத்து, அதாவது ஒரு செகண்டுக்கு 9. குழாய் ஏழு சென்டிமீட்டர் தடிமன்னு வைங்க. செகண்டுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் துணியை இழுத்துச் சுருட்டும். நாலு முழ வேட்டி ஒரு செகண்ட்தானுங்க.

கணக்குப் போட்டுக் கத்துக்கிட்டதில்லை இது. நாலு வருஷம் முந்தி எங்க தோட்டத்துல, கிரீஸ் அடிக்கத் தொந்தரவா இருக்குன்னு மூடியை நானேதான் கழட்டிப் போட்டேன். டிரைவர் பையன் இறங்கி, ஓடிக்கிட்டே இருந்த ஷாப்ட் பக்கம் குனிஞ்சு கட்டியைத் தட்டிவிட்டான். சட்டுனு வேட்டியைக் காணோம். அவன் டவுசரோட நிக்கறான். சுத்தி இருந்த எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். அவன் மட்டும் சிரிக்கலை. இத்துப்போன பழைய வேட்டி, அதனால கிழிஞ்சு கையை விட்டுச்சு. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த புது வேட்டியைக் கட்டியிருந்தான்னா? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

அதனால "விவசாயிகளே மூடியைக் கழட்டறாங்களே"ன்னு விக்கறவங்க சொன்னா, ஆமா, கழட்டறோம். வெயில்ல வெடிக்கற மூடியைக் கொடுத்தா, கிரீஸ் அடிக்க வழி வைக்காத மூடியைக் கொடுத்தா கழட்டத்தான் செய்வோம். அளந்து மாட்டிக் கொடுக்க ஒரு ஆளை அனுப்பறதில்லை, போட்டோ எடுத்து மானியத்துக்கு அனுப்ப மட்டும் ஆள் வருது. கதிரடிக்கற மெஷின்ல கை போறதைப் பார்த்து 1983லயே ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் போட்டாங்க. நாற்பது வருஷம் தாண்டியும் மூடியில்லாத ஷாப்ட் ரோட்டுல சந்தைக்கு வர்ற மாதிரி வருது, ஒருத்தரும் நிறுத்திக் கேக்கறதில்லை.

தோட்டம் வாங்கற நகரத்துக்காரங்ககிட்ட நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லை. உங்க காருக்குப் பாக்கற அதே கண்ணால இதையும் பாருங்க. ஓட்டற ஆளுகிட்ட அவசரப்படுத்தாதீங்க, இறங்கறதுக்கு முன்னால பிடிஓவை நிறுத்தச் சொல்லுங்க. கூலியில அந்த அஞ்சு நிமிஷத்தைப் பிடிக்காதீங்க.

தம்பியோட ஷாப்டை நானே கொண்டுபோய் நேத்து வெட்டி வாங்கிட்டு வந்தேன். மூடி இன்னும் வரலை. அது வர்ற வரைக்கும் எங்க ஊர்ப் பையன் ஒருத்தனும் அந்த வண்டியில ஏற மாட்டான்னு சொல்லிட்டேன். "மழை போயிருமேங்ணா"ன்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டுப் போயிருக்கார். போகட்டுமுங்க.