செல்போனில் மிரட்டும் ‘வேஷ’ போலீஸ்! பயம்தான் இவங்களுக்கு மூலதனம்

நாகர்கோவில்,

‘‘உங்க மகன் பேருக்கு வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு. நாங்க மும்பை போலீஸ். கேமராவை ஆப் பண்ணக்கூடாது. யார்கிட்டயும் பேசக்கூடாது...’’

வீடியோ காலில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பாதி உயிர் போய்விடுகிறது. மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்த்தால் கேட்கவே வேண்டாம். ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சொல்லி, பேங்கில் இருப்பதை எல்லாம் வாங்கி விடுகிறார்கள்.

அத்தனையும் நாடகம். ஒருத்தன் இன்ஸ்பெக்டர், ஒருத்தன் சி.பி.ஐ., இன்னொருத்தன் நீதிபதி. 2024-ல் பஞ்சாப் தொழிலதிபர் எஸ்.பி.ஓஸ்வாலுக்கு ஆன்லைனில் போலி சுப்ரீம் கோர்ட்டே நடத்திக் காட்டி ரூ.7 கோடி சுருட்டினார்கள். அந்த ஆண்டு முதல் 4 மாதத்தில் மட்டும் நாடு முழுவதும் ரூ.120 கோடி போனது. படித்தவர், பணக்காரருக்கே இந்தக் கதி!

காக்கி பயம்

மோசடிக்காரன் கையில் துப்பாக்கி இல்லை. நம்ம பயம்தான் அவன் ஆயுதம். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. தமிழகத்தோடு சேரணும் என்று கேட்டவர்கள் மீது 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டம், புதுக்கடையில் திருவிதாங்கூர்-கொச்சி போலீசார் சுட்டதை குமரி மாவட்டம் மறக்கவில்லை. பக்கத்து சாத்தான்குளத்தில் 2020-ல் தந்தையும் மகனும் போலீஸ் பிடியில் சிக்கி உயிரிழந்ததும் கண்முன்னே நிற்கிறது. ‘போலீசிடம் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது’ என்று பழகிப்போனோம். வேஷ போலீசுக்கு அதுவே வசதி.

நிஜ போலீஸ் எப்படி?

போனில் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை. கைது செய்ய வருபவர் நேரில் வரணும். சட்டையில் பெயர் தெரியணும். கைது குறிப்பு எழுதி, குடும்பத்தாரோ ஊர்க்காரரோ சாட்சிக் கையெழுத்துப் போடணும். 1996-ல் டி.கே.பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது இது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது.

நிஜ போலீஸ் வீட்டாருக்குத் தகவல் சொல்லணும். வேஷ போலீசோ, ‘வீட்டில் சொல்லாதே’ என்பான். இது ஒன்றே போதும், ஆளைக் கண்டுபிடிக்க!

இந்த வழக்குகளை விசாரிக்க 2025 டிசம்பரில் சி.பி.ஐ.க்கு சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. ஆனால் பணம் கைமாறிக் கைமாறி ஓடிவிட்டால் மீட்பது கஷ்டம். ஏமாந்தது தெரிந்த உடனே 1930-க்கு போன் போடணும். வெட்கப்பட்டு மறைத்தால் நஷ்டம் நமக்குத்தான்.

கடலில் வலை வீசியும், ரப்பர் பால் வெட்டியும் சேர்த்த காசு. காக்கியைக் கண்டதும் கொடுத்து விடாதீங்க. போனை கட் பண்ணுங்க, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்க!